ஒரே அளவு, வேறு வேறு நோய்: குளுக்கோஸின் ஓட்டத்தை அளக்கும் கன அணுக்கள்

நீரிழிவு நோயைக் கண்டறிய இன்று தமிழ்நாட்டின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விரல் நுனியிலிருந்து எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் போதும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் கரைந்திருக்கிறது என்பதைச் சில நொடிகளில் கருவி சொல்லிவிடும். ஆனால் அந்தக் குளுக்கோஸ் எங்கிருந்து வந்தது, எவ்வளவு வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது, எந்த உறுப்பு அதை எவ்வளவு வேகத்தில் எடுத்துக்கொள்கிறது என்ற கேள்விகளுக்கு அந்த எண்ணில் விடை இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்து உருக்காலை ஒன்றில் இரவு ஷிப்ட் பார்க்கும், ஐம்பது கிலோகூடத் தேறாத ஓர் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், அதே ஆலையின் அலுவலகத்தில் நாள் முழுதும் அமர்ந்து பணிபுரியும் தொப்பை விழுந்த ஓர் அலுவலருக்கும் வெறும் வயிற்றில் சர்க்கரை 180 என்றே வரலாம். இருவருக்கும் ஒரே மாத்திரை எழுதித்தரப்படவும் கூடும். இருவரின் உடலிலும் பழுதுபட்டிருப்பது ஒரே இடம்தானா என்பதை அறிய வேண்டுமானால், இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸின் அளவை விட்டுவிட்டு, இரத்தத்தின் வழியே ஓடும் குளுக்கோஸின் வேகத்தை அளக்க வேண்டும். அதற்கு அறிவியல் கண்டுபிடித்த வழி, கதிரியக்கம் இல்லாத கன அணுக்களைக் குளுக்கோஸ் மூலக்கூறில் ஏற்றி உடலுக்குள் அனுப்பிப் பின்தொடர்வதாகும்.

இருப்பு வேறு, ஓட்டம் வேறு என்பதைத் திருவள்ளூர் மாவட்டத்து வாசகருக்கு விளக்கப் பூண்டி நீர்த்தேக்கமே போதும். கொசஸ்தலை ஆற்றின் நீரும், ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லைக்குள் நுழையும் கிருஷ்ணா நீரும் அதில் வந்து சேர்கின்றன. சென்னையின் குடிநீருக்காகக் கால்வாய்கள் வழியே அதிலிருந்து நீர் வெளியேறுகிறது. அளவுகோலில் நீர்மட்டம் ஒரு வாரமாக மாறவில்லை என்றால், வரத்தும் போக்கும் சமமாக இருந்தன என்று மட்டுமே சொல்ல முடியும். விநாடிக்கு நூறு கன அடி வந்து நூறு கன அடி போனதா, ஆயிரம் வந்து ஆயிரம் போனதா என்று அந்த அளவுகோல் சொல்லாது. வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தச் சர்க்கரையும் அப்படிப்பட்ட ஒரு மட்டம்தான்.

மனித உடலில் இந்த ஓட்டம் வியப்பூட்டும் அளவு வேகமானது. நலமான ஒருவரின் மொத்த இரத்தத்தில் வெறும் வயிற்றில் இருக்கும் குளுக்கோஸ் ஐந்து கிராமைத் தாண்டாது. செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தையும் சேர்த்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ளவரிடம் அது ஏறத்தாழ 12 கிராம். இரவு உணவு செரித்து முடிந்தபின் கல்லீரல், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் குளுக்கோஸை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. மூளை, இரத்தச் சிவப்பணுக்கள், தசைகள் ஆகியவை அதே வேகத்தில் அதை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே 12 கிராம் இருப்பு நூறு நிமிடத்தில் ஒருமுறை முழுவதும் புரண்டுவிடுகிறது. நீரிழிவு என்பது இந்த வரவிலோ செலவிலோ, இரண்டையும் கட்டுப்படுத்தும் இன்சுலினிலோ ஏற்படும் கோளாறு. எந்த இடத்தில் கோளாறு என்பதே மருத்துவத்தின் முதன்மைக் கேள்வி.

எடை மட்டும் மாறிய அணு

ஒரு தனிமத்தின் எல்லா அணுக்களிலும் புரோட்டான்களின் எண்ணிக்கை ஒன்றே. வேதிவினைகளில் அந்த அணு எப்படி நடந்துகொள்ளும் என்பதை முடிவுசெய்வதும் அதுவே. உட்கருவில் இருக்கும் நியூட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் மாறக்கூடும். இவ்வாறு எடையில் மட்டும் வேறுபடும் அணுக்களுக்கு 1913இல் பிரெடரிக் சாடி ஐசோடோப்புகள் என்று பெயரிட்டார். அவற்றுள் சில நிலையற்றவை. கதிர்வீச்சை வெளியிட்டுச் சிதைபவை. மற்றவை எத்தனை காலமானாலும் சிதையாதவை. இவையே நிலைத்த ஐசோடோப்புகள் எனப்படுகின்றன. கார்பன்-12க்கு அருகே கார்பன்-13, சாதாரண ஹைட்ரஜனுக்கு அருகே டியூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜன், நைட்ரஜன்-14க்கு அருகே நைட்ரஜன்-15 என்று உயிரினங்களைக் கட்டியிருக்கும் தனிமங்களுக்கெல்லாம் இத்தகைய கன உடன்பிறப்புகள் உண்டு.

இவை உடலுக்கு அந்நியமானவை அல்ல. இயற்கையில் உள்ள கார்பன் அணுக்களில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு கார்பன்-13. ஹைட்ரஜனில் ஏறத்தாழ 6,400 அணுக்களுக்கு ஒன்று டியூட்டீரியம். இந்த விகிதத்தின்படி 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் இயல்பாகவே 120 கிராம் அளவுக்குக் கார்பன்-13உம் 2 கிராம் அளவுக்கு டியூட்டீரியமும் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர் செய்வதெல்லாம், ஒரு குறிப்பிட்ட மூலக்கூறில் இந்தக் கன அணுவின் விகிதத்தைச் செயற்கையாக உயர்த்தி, அதைச் சிறிதளவு உடலுக்குள் செலுத்தி, பிறகு இரத்தத்திலும் மூச்சிலும் சிறுநீரிலும் அந்த அடையாளம் எங்கே, எவ்வளவு நீர்த்துப்போய்த் தென்படுகிறது என்று அளப்பதுதான். இவ்வாறு பயன்படும் அடையாளமிட்ட மூலக்கூறைச் சுவடறி என்பர்.

டியூட்டீரியத்தை 1931இல் கண்டுபிடித்த ஹரால்ட் யூரி அதற்காக 1934இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஜெர்மனியிலிருந்து வெளியேறி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்த ருடால்ஃப் ஷோன்ஹைமர், யூரியின் மாணவராக இருந்த டேவிட் ரிட்டன்பெர்க்குடன் சேர்ந்து, டியூட்டீரியம் ஏற்றிய கொழுப்பை எலிகளுக்கு ஊட்டி 1935 முதல் முடிவுகளை வெளியிட்டார். உண்ட கொழுப்பு உடனே எரிந்துவிடும், சேமிப்பில் இருக்கும் கொழுப்பு பஞ்சகாலத்தில்தான் தொடப்படும் என்றிருந்த அக்காலத்து நம்பிக்கையை அந்தச் சோதனைகள் உடைத்தன. உண்டதில் பெரும்பங்கு முதலில் சேமிப்பில் சேர்ந்தது, சேமிப்பிலிருந்து பழையது வெளியேறிக்கொண்டிருந்தது. பார்வைக்கு மாறாமல் நிற்கும் உடல், உள்ளுக்குள் இடைவிடாமல் புதுப்பிக்கப்படுகிறது என்ற இன்றைய புரிதல் அங்கிருந்தே தொடங்குகிறது.

பின்னர் கார்பன்-14, டிரிட்டியம் போன்ற கதிரியக்க அணுக்கள் எளிதில் கிடைத்ததால் சில பத்தாண்டுகள் அவையே ஆய்வகங்களை ஆண்டன. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அவற்றைக் கொடுக்க முடியாது; நலமான தொண்டர்களுக்குக் கொடுப்பதிலும் தயக்கம் இருந்தது. எடையைக் கொண்டு மூலக்கூறுகளைப் பிரித்தறியும் நிறை நிறமாலைமானிகள் மலிந்து நுட்பமும் அடைந்தபின், நிலைத்த ஐசோடோப்புகள் மனிதரில் செய்யும் ஆய்வுகளுக்குத் திரும்பி வந்தன.

ஓட்டத்தைக் கணக்கிடும் முறை

வெறும் வயிற்றில் கல்லீரல் எவ்வளவு குளுக்கோஸை விடுகிறது என்று அளக்க மிகுதியும் பயன்படுவது, ஆறாவது கார்பனில் உள்ள இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதிலாக இரண்டு டியூட்டீரியம் அணுக்களை ஏற்றிய குளுக்கோஸ். சோதனைக்கு உட்படுபவர் இரவு முழுதும் உண்ணாமல் காலையில் படுக்கையில் இருக்க, ஒரு கையின் சிரை வழியே இந்தச் சுவடறி, பம்பு ஒன்றின் மூலம் மாறாத வேகத்தில் செலுத்தப்படும். மறு கையிலிருந்து குறித்த இடைவெளிகளில் இரத்தம் எடுக்கப்படும். எடுத்த இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்றுவிடாதிருக்க அது ஃபுளூரைடு கலந்த குழாயில் பிடிக்கப்பட்டுக் குளிரில் வைக்கப்படுகிறது. பிளாஸ்மாவைப் பிரித்து, புரதங்களை நீக்கி, மிச்சமுள்ள குளுக்கோஸை அசிட்டிக் அன்ஹைட்ரைடுடன் வினைப்படுத்தி ஆவியாகும் பொருளாக மாற்றியபின், அது நிறமாலைமானிக்குள் செல்கிறது. சாதாரணக் குளுக்கோஸைவிட இரண்டு அலகு எடை கூடிய மூலக்கூறுகள் நூற்றுக்கு எத்தனை என்பதே கருவி தரும் விடை.

அதிலிருந்து ஓட்டத்தைப் பெறும் கணக்கு மிக எளியது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நிமிடத்திற்கு 3 மில்லிகிராம் சுவடறி செலுத்தப்படுகிறது என்றும், அளவுகள் நிலைபெற்றபின் இரத்தக் குளுக்கோஸில் 2.5 விழுக்காடு சுவடறியாக இருக்கிறது என்றும் கொள்வோம். 3 மில்லிகிராம் என்பது மொத்த வரவில் 2.5 விழுக்காடு என்றால் மொத்த வரவு நிமிடத்திற்கு 120 மில்லிகிராம். அதில் செலுத்திய 3 மில்லிகிராமைக் கழித்தால் கல்லீரல் விட்டது 117 மில்லிகிராம், அதாவது மணிக்கு 7 கிராம். சுவடறி அதிகம் நீர்த்துப்போனால் கல்லீரல் அதிகம் விடுகிறது என்றும், குறைவாக நீர்த்தால் குறைவாக விடுகிறது என்றும் பொருள். அளவுகள் நிலையாக இல்லாமல் ஏறி இறங்கும் வேளைகளுக்கான சமன்பாட்டை ராபர்ட் ஸ்டீல் 1950களில் வகுத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. இருப்பு 12 கிராம், ஓட்டம் நிமிடத்திற்கு அதில் நூறில் ஒரு பங்கு என்பதால், மாறாத வேகத்தில் மட்டும் செலுத்திக்கொண்டிருந்தால் சுவடறியின் விகிதம் அதன் இறுதி மதிப்பில் 95 விழுக்காட்டை எட்டவே ஐந்து மணி நேரம் ஆகும். எனவே தொடக்கத்திலேயே நூறு நிமிடத்திற்குரிய அளவை, மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 300 மில்லிகிராமை, ஒரே தடவையில் செலுத்தி இருப்பில் கலந்துவிடுகிறார்கள். அதன்பின் இரண்டு மூன்று மணி நேரத்தில் அளவுகள் நிலைபெறுகின்றன. நீரிழிவு நோயாளிக்கு இருப்பே இரண்டு மடங்காக இருந்தால் இந்தத் தொடக்க அளவையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். இதைக் கவனிக்காததால் நீரிழிவு நோயாளிகளின் கல்லீரல் உண்மையில் விடுவதைவிட மிக அதிகமாக விடுவதாகக் காட்டிய பிழை, பழைய ஆய்வுகள் பலவற்றில் இருந்தது பின்னால் தெரியவந்தது.

எந்த அணுவில் அடையாளம் வைப்பது என்பதும் எதை அறிய விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது. தசையில் குளுக்கோஸ் உடைந்து லாக்டேட் ஆகி, அந்த லாக்டேட் கல்லீரலுக்குத் திரும்பி மீண்டும் குளுக்கோஸாகும் சுழற்சி ஒன்று உண்டு. அதைக் கண்டறிந்த கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியின் பெயரால் அது கோரி சுழற்சி எனப்படுகிறது. கார்பனில் அடையாளம் இருந்தால் அது இந்தச் சுழற்சியில் பயணித்துப் புதிய குளுக்கோஸிலும் வந்து அமர்ந்துவிடும். கல்லீரலின் உற்பத்தி குறைவாகத் தோன்றும். ஆறாவது கார்பனில் உள்ள டியூட்டீரியமோ வழியில் பெரும்பாலும் நீரில் கரைந்து கழிந்துவிடுவதால், ஒருமுறை வெளியேறிய குளுக்கோஸ் மறுமுறை எண்ணப்படுவதில்லை. இதற்கு மாறாக, குளுக்கோஸ் எவ்வளவு எரிந்து மூச்சில் கரியமில வாயுவாக வெளியேறியது என்று அறிய வேண்டுமானால் கார்பன்-13தான் உதவும்.

சோறும் கரும்பும் மூச்சில் விடும் தடயம்

கார்பன்-13ஐக் கொண்டு செய்யும் மூச்சுச் சோதனைகளில் தமிழ்நாட்டின் சாப்பாடே கணக்கைக் குழப்பக்கூடும். நெல், கோதுமை, உளுந்து, மரவள்ளி போன்ற பயிர்கள் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும்போது கனமான கார்பன்-13ஐ ஓரளவு ஒதுக்கிவிடுகின்றன. கரும்பு, மக்காச்சோளம், கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவை வேறொரு நொதியைக் கொண்டு முதலில் வாயுவைப் பிடிப்பதால் அவ்வளவு ஒதுக்குவதில்லை. இதனால் நெல்லின் கார்பனில் ஏறத்தாழ 1.08 விழுக்காடும் கரும்பின் கார்பனில் ஏறத்தாழ 1.09 விழுக்காடும் கார்பன்-13 இருக்கிறது. இரண்டாம் தசமத்தில் தெரியும் இந்த வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஐசோடோப்பு விகிதத்தை அளக்கும் நிறமாலைமானி நான்காம் தசமம் வரை வேறுபாட்டைக் காணக்கூடியது.

பெல்ஜியத்தின் லியேஜ் நகர ஆய்வாளர்கள் 1973இல் இந்த இயற்கை வேறுபாட்டையே சுவடறியாகப் பயன்படுத்திக் காட்டினர். கோதுமையும் உருளைக்கிழங்கும் பீட்ரூட் சர்க்கரையும் உண்ணும் ஐரோப்பியர்க்கு மக்காச்சோளத்திலிருந்து எடுத்த குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, மூச்சில் கார்பன்-13 எவ்வளவு உயர்கிறது என்பதைக் கொண்டு, குடித்த குளுக்கோஸில் எவ்வளவு எரிந்தது என்று கணக்கிட்டனர். அதே சோதனையைத் திருவள்ளூர் மாவட்டத்தில் செய்தால் நிலைமை வேறு. காலையில் இட்லி மட்டும் உண்டவரின் மூச்சு நெல்லின் விகிதத்தைக் காட்டும்; கேழ்வரகுக் கூழ் குடித்தவரின் மூச்சும், திருவாலங்காடு சர்க்கரை ஆலைப் பகுதியில் விளையும் கரும்பின் சர்க்கரையைக் காபியில் மூன்று கரண்டி போட்டுக் குடித்தவரின் மூச்சும் வேறு விகிதத்தைக் காட்டும். ஆகவே இத்தகைய சோதனைகளுக்கு முந்தைய சில நாள்கள் சர்க்கரை, வெல்லம், மக்காச்சோளம், சிறுதானியங்கள் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வதும், சுவடறியைக் கொடுக்கும் முன்பே மூச்சின் அடிப்படை அளவைப் பதிவு செய்வதும் கட்டாயமாகின்றன. சிரை வழியே ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் என்னும் குளுக்கோஸ் மக்காச்சோளத்திலிருந்து எடுத்ததா, மரவள்ளியிலிருந்து எடுத்ததா என்பதைக்கூட ஆய்வாளர் கேட்டறிய வேண்டியிருக்கிறது. டியூட்டீரியம் ஏற்றிய குளுக்கோஸில் இந்தத் தொல்லை இல்லை.

கனநீர் சொல்லும் கணக்கு

கல்லீரல் குளுக்கோஸை இரண்டு வழிகளில் தருகிறது. ஒன்று, கிளைக்கோஜன் என்னும் சேமிப்பை உடைப்பது. மற்றொன்று, லாக்டேட், கிளிசரால், அமினோ அமிலங்கள் ஆகியவற்றிலிருந்து புதிதாகக் கட்டுவது. இவ்விரண்டும் தனித்தனியே எவ்வளவு என்று அறியக் கனநீர், அதாவது டியூட்டீரியம் ஏற்றிய நீர், பயன்படுகிறது. அதைக் குடித்தபின் உடல் நீர் முழுவதிலும் டியூட்டீரியம் பரவுகிறது. கல்லீரலிலிருந்து வெளிவரும் எந்தக் குளுக்கோஸும் இரண்டாவது கார்பனில் இந்த நீரின் ஹைட்ரஜனை ஏற்றுக்கொள்கிறது. ஐந்தாவது கார்பனிலோ, புதிதாகக் கட்டப்பட்ட குளுக்கோஸ் மட்டுமே ஏற்றுக்கொள்கிறது. எனவே ஐந்தாவது கார்பனில் உள்ள டியூட்டீரியத்தை இரண்டாவது கார்பனில் உள்ளதால் வகுத்தால், மொத்த உற்பத்தியில் புதிதாகக் கட்டப்பட்டதன் பங்கு கிடைத்துவிடும். பெர்னார்ட் லாண்டாவும் குழுவினரும் 1996இல் வெளியிட்ட இந்த முறையால், உண்ணாமல் 14 மணி நேரம் ஆனபோது ஏறத்தாழப் பாதியும், 22 மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கும், 42 மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேலும் புதிதாகக் கட்டப்பட்ட குளுக்கோஸ் என்று தெரியவந்தது. நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை முதன்மையாக இந்தப் புதிய கட்டுமானத்தைத் தணிப்பதன் மூலமே கல்லீரலின் உற்பத்தியைக் குறைக்கிறது என்ற முடிவுக்கும் இவ்வகை அளவீடுகள் ஆதாரமாயின.

கனநீர் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. அணு உலைகளின் தேவைக்காகத் தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலையை ஒட்டி 1978இல் கனநீர் ஆலை தொடங்கப்பட்டது; உரத்திற்காகத் தயாரான வாயுவில் இருந்த ஹைட்ரஜனிலிருந்து டியூட்டீரியம் பிரித்தெடுக்கப்பட்டது. உலைகளுக்குத் தேவைப்படும் கனநீர் 99 விழுக்காட்டுக்கும் மேல் தூயது. உடற்சோதனைகளில் உடல் நீரின் டியூட்டீரியம் அரை விழுக்காட்டு அளவிலேயே நிறுத்தப்படுகிறது. உடல் நீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை டியூட்டீரியம் பிடித்துக்கொண்டால்தான் பாலூட்டிகளுக்குத் தீங்கு தொடங்குகிறது என்பது விலங்குச் சோதனைகளில் கண்டது. சோதனை அளவில் தெரியும் ஒரே உடனடி விளைவு, ஒரேயடியாகக் குடித்தால் சிறிது நேரம் தலைசுற்றுவது. அதனால் பல தவணைகளாகக் குடிக்கக் கொடுக்கிறார்கள்.

வேலூரில் நடந்த அளவீடு

இன்சுலின் எவ்வளவு திறம்பட வேலை செய்கிறது என்று அறிவதற்கான மிக நம்பகமான சோதனையை ரால்ஃப் டிஃபிரான்சோ, ஜோர்டான் டோபின், ரூபின் ஆண்ட்ரஸ் ஆகியோர் 1979இல் முறைப்படுத்தினர். கிளாம்ப் என்று வழங்கும் இந்தச் சோதனையில் இன்சுலின் மாறாத வேகத்தில் ஏற்றப்படும். சர்க்கரை இறங்கிவிடாமல் தடுக்க டெக்ஸ்ட்ரோஸும் ஏற்றப்பட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரத்தம் பார்க்கப்பட்டு, அதன் வேகம் கூட்டிக் குறைக்கப்படும். அதிக டெக்ஸ்ட்ரோஸ் தேவைப்பட்டால் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். சுவடறி இல்லாத கிளாம்பில் கல்லீரல் அடங்கியதா, தசை அதிகம் உறிஞ்சியதா என்று பிரித்தறிய முடியாது. சுவடறி சேர்ந்தால் இரண்டும் தனித்தனி எண்களாகக் கிடைக்கின்றன.

இந்தியர்கள் ஒல்லியாக இருந்தாலும் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதவர்கள் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து. 2006இல் யேல் பல்கலைக்கழகத்தின் கிட் பீட்டர்சன், ஜெரால்ட் ஷுல்மன் குழுவினர், இந்திய வம்சாவளி ஆண்களிடம் இந்த இணங்காமை மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதி என்றும், கல்லீரல் கொழுப்பும் அதிகம் என்றும் காட்டியது அக்கருத்துக்கு வலுச் சேர்த்தது. ஆகவே மெலிந்த இந்தியர் ஒருவருக்கு நீரிழிவு வந்தால் அதுவும் இன்சுலினுக்கு உடல் இணங்காததால் வரும் இரண்டாம் வகை நீரிழிவுதான் என்று எடுத்துக்கொள்வது இயல்பாயிற்று.

திருவள்ளூர், அரக்கோணம் வழியாகக் காட்பாடி செல்லும் ரயில் பாதையின் மறுமுனையில் இருக்கும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்த எடுகோள் சோதனைக்கு உள்ளானது. அங்குள்ள நாளமில்லாச் சுரப்பியியல் துறையின் நிஹால் தாமஸ் குழுவினரும், நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மெரிடித் ஹாக்கின்ஸும் இணைந்து நடத்திய ஆய்வில் 73 இந்திய ஆண்கள் மருத்துவமனையில் தங்கவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். உடல் நிறைக் குறியெண் 19க்கும் குறைந்த, மிக மெலிந்த நீரிழிவு நோயாளிகள் ஒரு பிரிவு. முதல் வகை, இரண்டாம் வகை நோயாளிகளும் நோயற்றோரும் ஒப்பீட்டுப் பிரிவுகள். டியூட்டீரியம் ஏற்றிய குளுக்கோஸுடன் கிளாம்ப் செய்து கல்லீரலின் உற்பத்தியும் தசைகளின் உறிஞ்சலும் அளக்கப்பட்டன. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பும் கல்லீரலில் படிந்த கொழுப்பும்கூட அளக்கப்பட்டன.

முடிவுகள் 2022இல் வெளியாயின. இன்சுலின் ஏற்றியபோது இரண்டாம் வகை நோயாளிகளின் கல்லீரல் கிலோவுக்கு நிமிடத்திற்கு 0.84 மில்லிகிராம் குளுக்கோஸை இன்னும் விட்டுக்கொண்டிருக்க, மெலிந்தோரின் கல்லீரல் 0.50 மில்லிகிராமுக்கு அடங்கியது. உறிஞ்சலில் வேறுபாடு இன்னும் பெரிது: இரண்டாம் வகையினரிடம் 4.2 மில்லிகிராம், மெலிந்தோரிடம் 10.1 மில்லிகிராம். அவர்களின் உடலில் உட்கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் குறைவாகவே இருந்தன. குறைந்திருந்தது கணையம் சுரக்கும் இன்சுலின். இன்சுலினுக்கு உடல் இணங்குகிறது, ஆனால் இன்சுலின் போதவில்லை. முதல் வகையைப் போல நோயெதிர்ப்பு மண்டலம் கணையத்தைத் தாக்கியதற்கான தடயமும் அவர்களிடம் இல்லை. விரல் நுனியில் எடுத்த எண் எத்தனை முறை பார்த்தாலும் சொல்லியிருக்க முடியாத செய்தி இது.

இந்நோயின் வரலாறு பழையது. 1955இல் ஜமைக்காவில் ஃபிலிப் ஹியூ-ஜோன்ஸ் எந்த வகையிலும் அடங்காத மெலிந்த நோயாளிகளை விவரித்தார். 1985இல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறை சார்ந்த நீரிழிவைத் தனி வகையாக ஏற்றது. ஊட்டக்குறைதான் காரணம் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1999இல் அதை நீக்கியது. 2025 ஜனவரியில் வேலூரில் கூடிய பன்னாட்டு வல்லுநர்கள் இதற்கு மீண்டும் தனி இடம் வேண்டும் என்று அறிவித்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ஐந்தாம் வகை நீரிழிவு என்று அங்கீகரித்தது. உலகில் 2 முதல் 2.5 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. எல்லா வல்லுநர்களும் இந்தத் தனி வகையை ஏற்றுவிடவில்லை. சிறுவயது ஊட்டக்குறை கணையத்தை எப்படி நலிவடையச் செய்கிறது என்ற வழிமுறையும் இன்னும் முழுதாகத் துலங்கவில்லை.

அளவீட்டின் பயன்

சுவடறியுடன் செய்யும் கிளாம்ப் சோதனையை ஒவ்வொரு நோயாளிக்கும் செய்வது இயலாது, தேவையும் இல்லை. பம்புகளும் நிறமாலைமானியும் ஒரு நாள் முழுதும் படுக்கையருகே நிற்கும் மருத்துவக் குழுவும் இதற்கு வேண்டும். சில பத்துத் தொண்டர்களிடம் ஒருமுறை நுட்பமாக அளந்து பெற்ற அறிவு, பல்லாயிரம் பேரை எளிய கேள்விகளால் வகைப்படுத்த உதவ வேண்டும் என்பதே இவ்வகை ஆய்வின் நோக்கம். மெலிந்த இளைஞர் ஒருவருக்கு உயர்ந்த சர்க்கரை காணப்பட்டால் அவருடைய எடை என்ன, சிறுவயதில் உணவு போதுமான அளவு கிடைத்ததா, சர்க்கரை இவ்வளவு உயர்ந்தும் சிறுநீரில் கொழுப்பு எரிவதால் வரும் கீட்டோன் இல்லையா என்ற மூன்று கேள்விகளுக்குப் பம்போ நிறமாலைமானியோ வேண்டியதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தி 2023இல் வெளியான இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி. அவர்களுக்கான சிகிச்சை வழிகாட்டல்கள் பெரும்பாலும் எடை மிகுந்த நோயாளியை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை: எடையைக் குறை, சாப்பாட்டைக் குறை, மெட்ஃபார்மினில் தொடங்கு. ஏற்கெனவே எடை போதாதவரிடம் உணவைக் குறைக்கச் சொல்வது தீங்கு. இன்சுலினுக்கு நன்றாக இணங்கும் உடலுக்குப் பெரிய அளவில் இன்சுலின் கொடுப்பதும் தீங்கு. அடுத்த வேளைச் சோறு உறுதியில்லாத வீட்டில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. இத்தகையோருக்குப் புரதம் மிகுந்த போதுமான உணவும், தேவைப்பட்டால் சிறிய அளவு இன்சுலினும் பொருத்தமாக இருக்கலாம் என்பதே வேலூர் அளவீடுகள் காட்டும் திசை. எந்த மருந்து, எந்த அளவு என்பதை முறையான சிகிச்சை ஆய்வுகள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் இந்தக் கேள்வி கூடுதல் அவசரம் பெறுகிறது. பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களின் வறிய மாவட்டங்களிலிருந்து வந்து ஷிப்ட் முறையில் வேலை பார்க்கும் இளைஞர்களும், மாவட்டத்தின் உட்கிராமங்களிலிருந்து வரும் கூலித் தொழிலாளரும், ஊட்டக்குறையில் குழந்தைப் பருவத்தைக் கடந்தவர்களாக இருக்கும் வாய்ப்பு மிகுந்தவர்கள். ஆலைகளில் ஆண்டுதோறும் நடக்கும் உடற்பரிசோதனையிலும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வீட்டுச் சோதனையிலும், சர்க்கரையின் எண்ணுக்கு அருகே உயரத்தையும் எடையையும் தவறாமல் எழுதி, மெலிந்த நோயாளிகளை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குத் தனியே அனுப்ப ஏற்பாடு செய்தால் அதற்குப் பெரும் செலவு ஆகாது. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எடை பார்க்கும் இயந்திரம் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இருக்கிறது. சர்க்கரை உயர்ந்திருக்கும் மெலிந்த மனிதரைப் பருமனானவரின் சீட்டைக் கொண்டு அனுப்பிவிடாதிருக்க இவ்விரண்டையும் பயன்படுத்த வேண்டியது மாவட்ட சுகாதாரத் துறையின் கடமை. தம் எடை குறைவு என்பதை மருத்துவரிடம் தாமாகவே எடுத்துச் சொல்ல வேண்டியது நோயாளியின் பொறுப்பு.